"நாளைக்குப் பார்த்துக்கலாம்": சாக்குகளை மடக்க நான்கு வழிகள், எது யாருக்கு?

நடைப்பயிற்சி, வாசிப்பு, புது மொழி, சீக்கிரம் தூங்குவது என்று எதையாவது ஆரம்பித்துப் பாதியில் விட்டவரைக் கேட்டால், விட்டதற்கு ஒரு காரணம் கையில் வைத்திருப்பார். கேட்பதற்கும் அது நியாயமாகவே இருக்கும். மறுபடி ஆரம்பிக்கலாம் என்று நாலு பேரிடம் யோசனை கேட்டால் குழப்பம் கூடும். ஒருவர் "சின்னதா ஆரம்பி" என்பார். இன்னொருவர் "எந்த நேரம், எந்த இடம்னு எழுதி வை" என்பார். "யார்கிட்டயாவது சொல்லி வை" என்பார் மூன்றாமவர். "பணத்தைக் கட்டு, தானா வரும்" என்பார் நாலாமவர். நான்குமே சிலருக்குப் பலித்தவைதான். ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்காமல் போவதற்கு நான் பார்த்தவரை முக்கியக் காரணம், இருவரும் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் சாக்கு வேறு வேறாக இருப்பது. ஆகவே வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் சாக்கை அடையாளம் காண வேண்டும்.

## சாக்கு என்று எதைச் சொல்வது?

பெரும்பாலான சாக்குகள் உண்மையானவை. மழை நிஜமாகவே பெய்தது, கூட்டம் நிஜமாகவே நீண்டது. எனவே "இது பொய்தானே?" என்று உங்களை நீங்களே குறுக்கு விசாரணை செய்வதில் பயனில்லை. அந்த விசாரணையில் மனம் எப்போதும் ஜெயித்துவிடும். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: இப்படி ஒன்று வரும் என்று நேற்று மாலையே தெரிந்திருக்குமா?

காய்ச்சல், குடும்பத்தில் திடீர் அவசரம் போன்றவை நேற்றே தெரிந்திருக்காது. அவற்றைச் சாக்கு என்று சொல்லி உங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் வேலை நீள்கிறது என்றால், அது வரப்போவது தெரிந்த விஷயம். அந்த நாளிலும் மாலை ஆறு மணிக்கே பயிற்சியை வைத்திருந்தால் கோளாறு திட்டத்தில் இருக்கிறது, உங்கள் மன உறுதியில் இல்லை. இந்தப் பிரிப்பைச் செய்தாலே பாதிக் குற்ற உணர்ச்சி குறையும், மீதி வேலை தெளிவாகும்.

அப்படி வடிகட்டிய பிறகு மிஞ்சுபவை பெரும்பாலும் ஐந்து வகை. தள்ளிப்போடுவது ("திங்கட்கிழமையில இருந்து ஒழுங்கா ஆரம்பிக்கலாம்"). தடங்கலைக் காட்டுவது ("நேரமே கிடைக்கல"). அளவைக் காட்டுவது ("பத்து நிமிஷத்துல என்ன ஆகிடப் போகுது, செஞ்சா முழுசா செய்யணும்"). விழுந்த பிறகு வருவது ("ஏற்கனவே ரெண்டு நாள் போச்சு, இனி எதுக்கு"). ஐந்தாவது, "எனக்கெல்லாம் இது வராது" என்பது.

இந்த ஐந்தாவது மற்றவற்றைவிட ஆழமானது. ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற உளவியலாளர்கள் 1978இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருக்கு விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, அப்புறம் "நன்றாகச் செய்தீர்கள்" என்று பாராட்டினார்கள். அடுத்த தேர்வுக்கு முன், திறனைக் கூட்டும் மருந்து வேண்டுமா, குறைக்கும் மருந்து வேண்டுமா என்று கேட்டபோது, அந்தப் பாராட்டைப் பெற்றவர்களில், முக்கியமாக ஆண்களில், குறைக்கும் மருந்தைக் கேட்டவர்கள் அதிகம். தோற்றால் மருந்தின் மேல் பழி போடலாம் அல்லவா? முழு முயற்சி போட்டுத் தோற்பதைவிட, முயற்சியே போடாமல் தோற்பது மனதுக்குச் சுலபம். "எனக்கு வராது" என்பதும் அதே காப்புதான்.

## எடை போட நான்கு அளவுகோல்கள்

முதலாவது, முடிவெடுக்கும் நொடியில் இந்த வழி உங்களைக் காப்பாற்றுமா? ராத்திரி அலாரம் வைக்கும்போது எழுந்திருக்க ஆசைப்படுபவரும், அலாரம் அடிக்கும்போது தூங்க ஆசைப்படுபவரும் ஒரே ஆள்தான். கைக்கு எட்டும் தூரத்தில் வந்தவுடன் சின்னச் சுகம்கூடப் பெரிய பலனைவிடப் பெரிதாகத் தெரிந்து விருப்பமே தலைகீழாக மாறுவதை, மனநல மருத்துவர் ஜார்ஜ் ஐன்ஸ்லி 1975லேயே விரிவாக எழுதியிருக்கிறார். முடிவை அந்த நொடிக்கு விட்டுவைக்கும் எந்த வழியும் பலவீனமானது.

இரண்டாவது, தவறிய மறுநாள் இந்த வழி உங்களைத் திரும்பக் கூட்டி வருமா, இல்லை வெளியே தள்ளுமா? மூன்றாவது, இதை நடத்திக்கொண்டு போக நேரமாக, பணமாக, உறவாக என்ன செலவாகும்? நான்காவது, ஊன்றுகோலை எடுத்த பிறகும் பழக்கம் நிற்குமா?

நான்காவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "21 நாள்" என்ற கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அதன் வேர், பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதிய ஒரு கவனிப்பு: மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். தினசரிப் பழக்கம் பற்றி நடந்த ஆய்வு வேறு கணக்கைச் சொல்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் முடிவை அச்சிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலையை நெருங்க நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அந்தக் கணக்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

ஆகவே, குறைந்தது இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்கக் கூடிய வழியையே தேர்ந்தெடுங்கள்.

## வழி 1: அளவைச் சுருக்குவது

இரண்டு பக்கம் வாசிப்பு, ஐந்து நிமிட நடை, ஒரே ஒரு பத்தி எழுத்து. மறுக்க முடியாத அளவுக்குச் சிறிதாக்கிவிடுவது. அளவைக் காட்டும் சாக்குக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. "எனக்கு வராது" என்பவருக்கும் இதுவே முதல் படி, ஏனென்றால் ஐந்து நிமிட நடையில் தோற்று அவமானப்பட எதுவும் இல்லை.

"பத்து நிமிஷத்துல என்ன ஆகும்" என்ற சாக்குக்கு ஒரு நேரடிப் பதிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் கொடுத்த பரிந்துரையில், உடற்பயிற்சி ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடம் நீடிக்க வேண்டும் என்று இருந்தது. 2020இல் வந்த பரிந்துரையில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி என்ற இலக்கு இருக்கிறது. ஆனால் அதைத் துண்டு துண்டாகச் சேர்க்கலாம், கொஞ்சம் செய்வது ஒன்றுமே செய்யாமலிருப்பதைவிட நல்லது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. சின்ன வேலைக்கு நாளில் ஓர் இடம் ஒதுக்கத் தோன்றாது. "ரெண்டு பக்கம்தானே, படுக்கும் முன் பார்த்துக்கலாம்" என்று அது இரவுக்கு நகரும். இரவில் கண் சொருகும். இரண்டாவது, சில இலக்குகளுக்கு அளவு முக்கியம். நான்கு மாதத்தில் தேர்வு வைத்துக்கொண்டு தினம் இரண்டு பக்கம் படித்தால் பழக்கம் நிலைக்கும், தேர்வு போய்விடும். கெடு இருக்கும் வேலைக்கு இதை முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## வழி 2: "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று எழுதி வைப்பது

நான்கில் எனக்கு அதிக நம்பிக்கை இதன் மேல்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் வளர்த்தெடுத்த முறை இது. "உடற்பயிற்சி செய்வேன்" என்பது வெறும் ஆசை. "சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்ததும் காலணி மாட்டி நடக்கப் போவேன்" என்பது திட்டம். முன்னதில் எப்போது, எங்கே என்ற முடிவை அந்த நொடிக்கு விட்டுவிடுகிறோம். பின்னதில் பையை வைக்கும் செயலே நினைவூட்டும் மணியாகிவிடுகிறது. கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிக் குறிப்பாக எழுதுவதன் பலன் கணிசமாகவே இருந்தது.

2002இல் மில்ன், ஆர்பெல், ஷீரன் மூவரும் பிரிட்டனில் 248 மாணவர்களிடம் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சியின் நன்மைகளையும் செய்யாவிட்டால் வரும் ஆபத்தையும் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாவது குழு அதைப் படித்ததோடு, அடுத்த வாரம் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்றும் எழுதியது. ஒரு வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் பயிற்சி செய்ததாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம், இரண்டாவதில் 35, மூன்றாவதில் 91. நன்மைகளைப் படித்தது மட்டும் ஒரு மாற்றமும் தரவில்லை. ஊக்கப் பேச்சு கேட்டுவிட்டு மறுநாள் பழையபடியே இருப்பவர்கள் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது மாணவர்களே சொன்ன கணக்கு, அளந்தது ஒரு தடவை செய்ததை. தொடங்கி வைப்பதில் இதன் வலு பெரியது. மாதக் கணக்கில் நிலைக்க வேறு துணையும் தேவைப்படலாம்.

தடங்கல் சாக்குக்கும் தள்ளிப்போடும் சாக்குக்கும் இந்த முறை பொருந்தும். எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. "நேரம் கிடைத்தால்" என்று எழுதாதீர்கள், அது நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "பல் தேய்த்து முடித்ததும்", "பேருந்தில் உட்கார்ந்ததும்" என்று கண்ணுக்குத் தெரியும் ஒரு நிகழ்வைப் பிடியுங்கள். முறை மாறி மாறி வேலைக்குப் போகிறவர்களுக்கு மணிக் கணக்கு உதவாது, நிகழ்வுதான் உதவும்.

அப்புறம், சாக்கையே மணியாக்குங்கள். இதுதான் இந்த முறையின் அழகு. "'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று தோன்றினால், புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தி படித்த பிறகு முடிவு செய்வேன்." "மழை பெய்தால், வீட்டுக்குள்ளேயே பதினைந்து நிமிடம் செய்வேன்." உங்களுக்கு வழக்கமாக வரும் இரண்டு சாக்கை இப்படி எழுதி வைத்தால், அவை வரும்போது புது விவாதம் தொடங்காது. பதில் ஏற்கனவே தயாராக இருக்கும்.

செலவு என்று பார்த்தால் ஒரு தாளும் பத்து நிமிடமும்தான். ஆனால் ஒரே நேரத்தில் ஆறு பழக்கத்துக்கு இப்படி எழுதினால் இது நொறுங்கிவிடும். டால்டன், ஸ்பில்லர் என்ற ஆய்வாளர்கள் 2012இல் இதைக் காட்டினார்கள்: ஒரே இலக்குக்குத் திட்டம் எழுதியவர்களுக்கு வந்த பலன், பல இலக்குகளுக்குச் சேர்த்து எழுதியவர்களுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக எழுதியதும், எவ்வளவு கஷ்டம் என்பதுதான் முன்னால் தெரிந்தது. இன்னொன்று, உங்களுக்கே விருப்பமில்லாத இலக்குக்கு இது வேலை செய்யாது. மற்றவர் வற்புறுத்தலுக்காக எழுதிய திட்டம் தாளிலேயே இருந்துவிடும்.

## வழி 3: ஒரு ஆளிடம் சொல்லி வைப்பது

மனதுக்குள் கச்சிதமாகத் தோன்றும் சாக்கை வாய் திறந்து இன்னொருவரிடம் சொல்லும்போது அதன் பலம் பாதியாகிவிடும். தள்ளிப்போடுபவர்களுக்கு இது நல்ல மருந்து. சேர்ந்தே செய்யும் துணை என்றால் இன்னும் நல்லது, ஒருவர் வாசலில் காத்திருக்கும்போது படுத்துக்கிடப்பது கஷ்டம்.

ஒருவரிடம் சொல்வதும் எல்லாரிடமும் அறிவிப்பதும் ஒன்றல்ல. நாளை கேள்வி கேட்கப்போகிறவரிடம் சொன்னால் பொறுப்பு வருகிறது. ஊருக்கே அறிவித்தால் வாழ்த்துதான் வருகிறது, அந்த வாழ்த்திலேயே செய்து முடித்த திருப்தியும் கொஞ்சம் வந்துவிடுகிறது. கோல்விட்சரும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், தாங்கள் ஆக விரும்பும் தொழில் தொடர்பான நோக்கத்தை இன்னொருவர் கவனித்துக்கொண்டார் என்று தெரிந்த மாணவர்கள், அதற்காகக் குறைவாகவே உழைத்தார்கள்.

இதன் மறைமுகச் செலவை உறவில் கட்டுகிறோம். கணவன் மனைவிக்குள் ஒருவர் மற்றவருக்குக் கண்காணிப்பாளர் ஆவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். "இன்னைக்குப் போகலையா?" என்ற சாதாரணக் கேள்வியே நாளடைவில் குத்தலாகக் கேட்கும். துணைவரின் சாக்கு உங்களுக்கும் சாக்காகிவிடும் ஆபத்தும் உண்டு: அவருக்கு வேலை வந்தால் உங்களுக்கும் விடுமுறை. எதையும் மன்னிக்கும் நண்பரும் எதற்கும் திட்டும் நண்பரும் இதற்குச் சரிப்பட மாட்டார்கள். அமைதியாகக் கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளும் ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிடலாம்.

## வழி 4: பணத்தைப் பணயம் வைப்பது

இதில் ஆய்வுகள் நிறைய, படிப்பினைகள் சிக்கலானவை.

பிலிப்பைன்ஸில் புகைப்பதை நிறுத்த விரும்பியவர்களுக்கு ஒரு வங்கிக் கணக்கு வழங்கப்பட்டது. ஆறு மாதம் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு வர வேண்டும். முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் பணம் திரும்பும், இல்லையென்றால் தர்மத்துக்குப் போகும். ஜினே, கார்லன், ஸின்மன் 2010இல் வெளியிட்ட முடிவின்படி, அழைக்கப்பட்டவர்களில் 11 சதவீதம் பேர்தான் சேர்ந்தார்கள். அப்படியிருந்தும், அழைக்கப்பட்ட குழு முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது தேறியவர்கள் அழைக்கப்படாதவர்களைவிட 3 சதவீதப் புள்ளி அதிகம். பன்னிரண்டாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் பரிசோதித்தபோதும் அந்த வித்தியாசம் நீடித்தது.

அமெரிக்காவில் 2,538 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஒரு பெரிய சோதனை இதை வெகுமதியோடு ஒப்பிட்டது. நிறுத்தினால் பரிசு என்றால் 90 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். சொந்தப் பணத்தை வைக்க வேண்டும் என்றால் 13.7 சதவீதம் பேர். ஆறு மாதம் புகைக்காமல் இருந்தவர்கள் வெகுமதித் திட்டங்களில் 15.7 சதவீதம், பணயத் திட்டங்களில் 10.2, வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களில் 6. ஆனால் எந்தத் திட்டம் கொடுத்தாலும் சேரக்கூடியவர்களை மட்டும் எடுத்தால், பணயமே முன்னால் நின்றது. சுருக்கமாகச் சொன்னால், துணிந்து வைப்பவருக்கு இது பலமான கருவி. துணிபவர்கள் குறைவு.

பணம் கட்டுவதும் பணயம் வைப்பதும் வேறு வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜிம்முக்கு மாதச் சந்தா கட்டினால் கட்டாயம் போவோம் என்று நினைக்கிறோம். டெல்லாவிக்னா, மால்மென்டியர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2006இல் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, சந்தாதாரர்கள் மாதம் சராசரியாக 4.3 தடவைதான் வந்திருந்தார்கள். தடவைக்கு இவ்வளவு என்று கட்டியிருந்தால் அவர்களுக்குக் குறைவாகவே ஆகியிருக்கும். போகாத நாளில் புதிதாக எதுவும் கையை விட்டுப் போகவில்லை, அதனால் சந்தா யாரையும் எழுப்பவில்லை.

இன்னொரு பக்க விளைவு, அபராதம் சில சமயம் அனுமதிச் சீட்டாகிவிடும். இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தைக் கவனித்து நீசி, ருஸ்டிசினி இருவரும் 2000இல் எழுதினார்கள். பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்குச் சில காப்பகங்கள் சிறு அபராதம் போட்டதும் தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. "பணம்தான் கட்டுகிறோமே" என்று ஆகிவிட்டது. உங்களுக்கு நீங்களே சிறு தொகை அபராதம் போட்டுக்கொண்டாலும் இதே கதி வரலாம். தொகை உறுத்தும் அளவுக்கு இருக்க வேண்டும், ஆனால் குடும்பச் செலவைத் தொடக்கூடாது. கடன் இருப்பவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

எதையாவது நிறுத்துவதற்கு, முடிவை இன்னொருவர் சரிபார்க்க முடிகிற இடத்துக்கு, மூன்று அல்லது ஆறு மாதம் என்று எல்லை வைத்த காலத்துக்கு இது பொருந்தும். தியானம், வாசிப்பு போல மனம் ஒன்ற வேண்டியவற்றுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

## எந்த வழியானாலும்: தவறிய நாளுக்கு ஒரு ஏற்பாடு

"ஏற்கனவே கெட்டுப்போச்சு" என்ற சாக்குக்கு மேலே சொன்ன எதுவும் முழுப் பதில் தராது. பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975இல் செய்த சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் மில்க் ஷேக் குடித்து விதியை ஒரு தடவை மீறியதும், குடிக்காத கட்டுப்பாட்டாளர்களைவிட அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். முதல் மீறலைவிட, அதற்குப் பின் வந்த "போனது போச்சு" என்ற எண்ணத்தில்தான் அதிக நஷ்டம்.

இதற்கு இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று, அவசர நாட்களை முன்பே ஒதுக்குவது. வாரம் ஐந்து நாள் என்று இலக்கைத் தளர்த்துவதைவிட, ஏழு நாள் என்று வைத்து இரண்டு அவசர நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது விடாமல் தொடர உதவுவதாக மரிஸா ஷெரிஃபும் சூசன் ஷுவும் 2017இல் காட்டினார்கள். கையிருப்பைச் செலவழிக்க மனம் யோசிக்கும், செலவழித்தாலும் ஆட்டத்தில்தான் இருக்கிறோம். மற்றது, உங்களைத் திட்டிக்கொள்வதை நிறுத்துவது. மைக்கேல் வோலும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். கண்டிப்புதான் திருத்தும் என்று வளர்ந்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கலாம்.

## உங்கள் வாக்கியத்தை இங்கே தேடுங்கள்

| அடிக்கடி வரும் வாக்கியம் | முதலில் முயல வேண்டியது | பார்த்துக்கொள்ள வேண்டியது |
|---|---|---|
| "நாளைக்கு / திங்கட்கிழமை" | வழி 2, பிறகு வழி 3 | துணைவரின் சாக்கு தொற்றும் |
| "நேரமே இல்லை" | வழி 2, நிகழ்வோடு இணைத்து | ஒரு சமயத்தில் ஒரு பழக்கம் |
| "செஞ்சா முழுசா செய்யணும்" | வழி 1 | கெடு இருந்தால் அளவை ஏற்ற வேண்டும் |
| "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்" (விட வேண்டிய பழக்கம்) | வழி 4 | சரிபார்க்க ஆள் வேண்டும் |
| "ஏற்கனவே போச்சு" | அவசர நாள் கையிருப்பு | தினமும் செலவழித்தால் இலக்கே பெரிது |
| "எனக்கு வராது" | வழி 1, யாருக்கும் சொல்லாமல் | அறிவிப்பு வேண்டாம் |

எதில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லையென்றால், ஒரு வாரம் எதையும் மாற்றாமல், தவறும் ஒவ்வொரு நாளும் மனதில் வந்த வாக்கியத்தை வந்தபடியே எழுதி வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாக்கியமே திரும்பத் திரும்ப வரும்.

## நான்குமே வேண்டாத நிலை

"மனசே வரல" என்பது பழக்கத்தின் விஷயத்தில் மட்டும் வந்தால் மேலே சொன்னவை போதும். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் எதிலுமே விருப்பமில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, முன்பு பிடித்தவையும் இப்போது பிடிக்கவில்லை என்றால் அது சாக்கு அல்ல. மனச்சோர்வு நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை எதுவும் காரணமாக இருக்கலாம். அப்போது பணயமும் கண்காணிப்பும் காயத்தைக் கிளறவே செய்யும். பழக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்ற பிறகு வழி 1இல் தொடங்கலாம்.